பழைய கணினியில் சதுரங்கம், டாம், பல்லாங்குழி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் சதுரங்கக் கழகத்துக்கு மாதம் ஒரு சனிக்கிழமை என் பழைய கணினிகளைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். ஒரு சின்கிளேர் இசட்எக்ஸ்81, ஒரு கமடோர் 64, ஒரு பெட்டி டிவி, நிரல்களை ஏற்ற ஒரு கேசட் பிளேயர். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து விளையாடுவார்கள், அழைத்து வந்த அப்பா அம்மாக்கள் பின்னால் நின்றபடி கேள்வி கேட்பார்கள். வாட்சப்பில் கோலாலம்பூர் நண்பர்களும் கேட்பார்கள். வருடக்கணக்காக வருவது பெரும்பாலும் அதே கேள்விகள்தான், அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

இந்தக் குட்டிப் பெட்டியில உண்மையிலேயே செஸ் ஆட முடியுமா அங்கிள்?

முடியும். இசட்எக்ஸ்81 வெளிவந்தது 1981இல். கூடுதலாக எதுவும் செருகாவிட்டால் அதில் இருப்பது 1 கிலோபைட் ரேம், அதாவது 1,024 பைட். அதற்குள் சதுரங்கம் ஆடும் நிரலை டேவிட் ஹோர்ன் என்பவர் 1982இல் எழுதினார். நிரலின் அளவு 672 பைட். இன்றைய கணினியில் ஒரு தமிழ் எழுத்துக்குறி சாதாரணமாக 3 பைட் பிடிக்கும், 'கி' போன்ற எழுத்துக்கு 6. இந்தப் பதிலில் நீங்கள் இதுவரை படித்ததைச் சேமிக்கவே 672 பைட் போதாது. அதற்குள் ஒருவர் பலகை, காய்கள், விதிகள், எதிராளியின் மூளை எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார். நான் இதை ஆண்டுக்கணக்கில் பார்த்தும் எனக்கு இன்னும் ஆச்சரியம் குறையவில்லை.

2015இல் அதைவிடச் சின்னதாக, 487 பைட்டில், பூட்செஸ் என்று ஒன்று வந்தது. ஆனால் அது எழுதப்பட்டது நவீனக் கணினிக்கு. முப்பது வருடத்துக்கும் மேல் ஹோர்ன் நிரலை யாரும் தாண்டவில்லை.

பழைய கணினின்னா எத்தனை பழசு? எங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல கிடக்குற பென்டியமும் சேருமா?

நான் பேசுவது 1976இலிருந்து ஏறக்குறைய 1990 வரை வீடுகளுக்கு வந்த 8 பிட் இயந்திரங்களைப் பற்றி. கிம்-1 1976, ஆப்பிள் 2 1977, சின்கிளேர் ஸ்பெக்ட்ரமும் கமடோர் 64உம் 1982. பென்டியம் 1993. அந்த வேகத்தில் ஓடும் சதுரங்க நிரல் நம்மில் பெரும்பாலோரைச் சுலபமாகத் தோற்கடித்துவிடும், அது எப்படி யோசிக்கிறது என்று கூட இருந்து கவனிக்கவும் முடியாது. எனக்குப் பிடித்தது, எதிராளியின் மூளை முழுவதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் புரிந்துகொள்ளக்கூடிய காலம்.

பேக்மேன் மாதிரி எல்லாம் வச்சா பசங்க இன்னும் ஆசையா வருவாங்களே, ஏன் செஸ், டாம் மட்டும்?

இந்த விளையாட்டுகளில் பகடை இல்லை, மறைத்து வைத்த சீட்டு இல்லை, கை வேகமும் தேவையில்லை. பலகை முழுவதும் இருவர் கண்ணுக்கும் தெரியும். சதுரங்கம், டாம் (செக்கர்ஸ்), எதிராளியின் காயைப் புரட்டித் தன் நிறமாக்கும் ரிவர்சி, கல் வைத்து இடம் பிடிக்கும் கோ, மலாய்க்காரர்களின் குழி ஆட்டமான சொங்காக், பல்லாங்குழி, ஆடுபுலி எல்லாம் இந்த வகை. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, யோசனை இருந்தால் போதும். அதனால்தான் மிகச் சின்ன இயந்திரத்திலும் இவை வாழ்ந்தன.

கிம்-1இல் திரையே கிடையாது. ஆறு இலக்கம் காட்டும் சிவப்பு எல்இடி, ஒரு எண்பலகை, அவ்வளவுதான். அதற்கு பீட்டர் ஜென்னிங்ஸ் 1976இல் மைக்ரோசெஸ் எழுதினார். பக்கத்தில் மரப்பலகையைப் பரப்பி வைத்துக்கொண்டு, உங்கள் காயை நகர்த்தி, அதை எண்ணாகத் தட்டினால், பதில் நகர்த்தலும் எண்ணாகவே வரும். கணினியின் காயையும் நீங்கள்தான் நகர்த்த வேண்டும். பிறகு மற்ற கணினிகளுக்கும் போய், மொத்தம் 50,000 பிரதிகளுக்கு மேல் விற்றது.

கணினியில முதல்ல வந்த விளையாட்டு செஸ்தானே?

இல்லை. 1951இல் இங்கிலாந்தில் ஃபெர்ராண்டி நிறுவனம் நிம்ராட் என்ற இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது, அது ஆடியது நிம், குவியலிலிருந்து குச்சி எடுக்கும் ஆட்டம். 1952இல் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் 3க்கு 3 கட்டத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போடும் ஆட்டம் வந்தது. அதே காலத்தில் மான்செஸ்டரில் கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி டாம் ஆட வைத்தார், அமெரிக்காவில் ஐபிஎம் 701இல் ஆர்தர் சாமுவேலும் டாம்தான். அவை அறையை அடைக்கும் இயந்திரங்கள், நம் கதை அவை மேசைக்கு இறங்கிய பிறகு.

கம்ப்யூட்டர் யோசிக்குதுன்னு சொல்றீங்களே, என்னதான் யோசிக்குது?

முதலில், காய்களுக்கு விலை வைத்திருக்கும். சிப்பாய் 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானை 5, ராணி 9. பலகையைப் பார்த்து என் காய்களின் கூட்டுத்தொகையிலிருந்து உன்னுடையதைக் கழித்தால் நிலவரம் தெரியும். அப்புறம் 'நான் இப்படி ஆடினால் நீ என்ன ஆடுவாய், அதற்கு நான் என்ன ஆடுவேன்' என்று ஒவ்வொரு வழியாகப் போய், வழியின் கடைசியில் இந்தக் கணக்கைப் போடும். தன் முறையில் அதிக மதிப்பெண்ணையும், எதிராளி முறையில் குறைந்ததையும் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் எதிராளி தனக்கு நல்லதைத்தான் ஆடுவான் என்று அது நம்புகிறது.

சிக்கல் எண்ணிக்கையில். சதுரங்கத்தில் ஒரு முறைக்குச் சராசரியாக 35 நகர்த்தல்கள் இருக்கும். இரண்டு பேரும் இரண்டிரண்டு முறை ஆடுவதை முழுக்கப் பார்க்க 35 × 35 × 35 × 35 என்று பெருக்க வேண்டும், அது 15 லட்சத்தைத் தாண்டும். 1 மெகாஹெர்ட்ஸ் கணினிக்கு அது பல மணி நேர வேலை. இங்கேதான் ஆல்ஃபா-பீட்டா என்ற வெட்டும் முறை வருகிறது. சௌராஸ்தா சந்தையில் மீன் வாங்கப் போகிறீர்கள், முதல் கடையில் நல்ல மீன் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டீர்கள். அடுத்த கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்தால் வெளுத்திருக்கிறது. அதற்குப் பிறகு கண்ணைப் பார்த்து, வயிற்றை அழுத்தி, விலை கேட்டு என்ன ஆகப்போகிறது? விட்டுவிட்டு நகர்வீர்கள். நிரலும் அப்படித்தான், கையில் இருப்பதைவிட மோசம் என்று தெரிந்த நொடியிலேயே அந்த வழியை விட்டுவிடும். நல்ல நகர்த்தல்களை முதலில் பார்க்கும் அதிர்ஷ்டம் முழுதாக அமைந்தால் அந்த 15 லட்சம் 2,449 ஆகச் சுருங்கும். அந்த அளவுக்கு எப்போதும் அமையாது, ஆனால் எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்துவதில்தான் அந்தக் கால நிரலாளர்களின் திறமையெல்லாம் இருந்தது.

லெவல் 2ல உடனே ஆடுது, லெவல் 5ல நான் சாப்பிட்டு வந்தும் முடியல. மெஷின் கெட்டுப் போச்சா?

கெடவில்லை. மேலே சொன்ன வெட்டும் முறை நன்றாக வேலை செய்தாலும், ஒரு நகர்த்தல் கூடுதலாகப் பார்க்கச் சுமார் ஆறு மடங்கு நேரம் பிடிக்கும். ஒரு நிலையில் 10 வினாடி என்றால் அடுத்தது 1 நிமிடம், அதற்கடுத்தது 6, அதற்கும் மேலே 36 நிமிடம்.

கமடோர் 64க்கு மார்ட்டின் பிரையன்ட் எழுதிய கொலோசஸ் செஸ் இதைப் புத்திசாலித்தனமாகக் கையாண்டது. நீங்கள் யோசிக்கும் நேரத்திலேயே அதுவும் யோசிக்கும், நீங்கள் என்ன ஆடுவீர்கள் என்று ஊகித்து அதற்கான பதிலைத் தேடி வைத்திருக்கும். ஊகம் சரியென்றால் நீங்கள் கை எடுத்ததும் பதில் வந்துவிடும். பிள்ளைகள் முதல் முறை இதைப் பார்க்கும்போது திரையை நிமிர்ந்து பார்ப்பார்களே, அதைப் பார்க்கவே நான் கணினியைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

யோசிக்கும்போது படம் ஏன் காணாமப் போகுது? வயர் லூசா?

வயர் இல்லை. இசட்எக்ஸ்81இல் டிவிக்குப் படம் வரைவதும் அதே மூளைதான், யோசிப்பதும் அதே மூளைதான். சாதாரண நிலையில் அதன் நேரத்தில் முக்கால் பங்கு படம் வரையவே போய்விடும். அதனால் 'ஃபாஸ்ட்' என்று ஒரு கட்டளை வைத்தார்கள். அதைக் கொடுத்தால் படம் மறையும், வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக நடக்கும்.

அட்டாரி 2600இன் வீடியோ செஸ்ஸிலும் இதே கதை. 1979இல் வந்த அந்த ஆட்டத்துக்கு ரேம் 128 பைட், நிரல் 4 கிலோபைட். யோசிக்கும்போது திரையில் வெறும் நிறங்கள் மாறி மாறி வரும். இன்னொரு சங்கடமும் இருந்தது: ஒரே வரிசையில் எட்டுக் காய்களை வரைய அந்த இயந்திரத்துக்கு வழியில்லை. பாப் வைட்ஹெட் என்ற நிரலாளர் ஒரு கோட்டில் நான்கு காய், அடுத்த கோட்டில் மற்ற நான்கு என்று மாற்றி மாற்றி வரைந்து எட்டையும் காட்டினார். டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், காய்கள் ஜன்னல் பிளைண்ட்ஸ் மாதிரி கோடு கோடாகத் தெரியும்.

கோட்டை கட்டவே விட மாட்டேங்குது, கம்ப்யூட்டர் ஏமாத்துது!

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கண்ணில் நீரோடு சொன்னது இது. அவள் மீது தவறில்லை, நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். 672 பைட் நிரலில் கோட்டை கட்டுதல் கிடையாது, போகிற போக்கில் சிப்பாயை வெட்டும் விதி கிடையாது, சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாவதும் கிடையாது. இடம் இல்லை, ஹோர்ன் விட்டுவிட்டார். இப்போதெல்லாம் அந்த மூன்றையும் அட்டையில் எழுதி டிவி மேல் ஒட்டிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறேன்.

முழு விதியும் வேண்டுமென்றால் டான், கேத் ஸ்ப்ராக்லன் தம்பதி எழுதிய சார்கன், ஸ்பெக்ட்ரமுக்கு வந்த சைரஸ், முன்பு சொன்ன கொலோசஸ் இவற்றில் ஏதாவது ஒன்றை எடுங்கள். சார்கன் 1978இல் கலிஃபோர்னியாவில் நடந்த மைக்ரோ கணினிச் சதுரங்கப் போட்டியில் வென்றது, நிரல் முழுவதும் புத்தகமாகவே அச்சானது. ஜெயித்த நிரலின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் புத்தகம் வாங்கியவர் யாரும் படிக்கலாம்.

நாங்க காப்பிக்கடையில ஆடுற டாம் இதுல இருக்கா?

நாம் மலேசியாவில் ஆடும் டாம் அஜி 12க்கு 12 பலகை, ஆளுக்கு 30 காய். அந்தக் கால நிரல்கள் ஆங்கிலேயர் டாமுக்கு எழுதப்பட்டவை: 8க்கு 8, ஆளுக்கு 12 காய். ஒருவர் வெட்ட மறந்தால் எதிராளி அந்தக் காயை எடுத்துவிடும் நம் பழக்கமும் அதில் இல்லை. வெட்டு இருந்தால் வெட்டியே ஆக வேண்டும், வேறு நகர்த்தலை நிரல் ஏற்காது. அதனால் டாம் அஜியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்கூட முதல் இரண்டு ஆட்டம் தடுமாறுவார்கள், மூன்றாவதில் சரியாகிவிடும்.

8க்கு 8 டாமை 2007இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனத்தன் ஷேஃபர் குழு முழுவதுமாகத் தீர்த்துவிட்டது. இருவரும் தவறே செய்யாவிட்டால் ஆட்டம் சமன். 1989இல் தொடங்கிய வேலை அது.

பல்லாங்குழி? சொங்காக்? அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வந்திருக்கா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பேசிக் என்ற எளிய கணினி மொழியில் எழுதிய விளையாட்டு நிரல்களை டேவிட் ஆல் தொகுத்த புத்தகத்தில், 1978 பதிப்பு பல வீடுகளுக்குப் போனது, 'அவாரி' என்று ஒரு நிரல் இருக்கிறது. ஆளுக்கு ஆறு குழி, குழிக்கு மூன்று விதை, இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு வீடு. கடைசி விதை தன் வீட்டில் விழுந்தால் இன்னொரு முறை ஆடலாம், காலிக் குழியில் விழுந்தால் எதிர்க்குழியை அள்ளலாம். சொங்காக் ஆடியவருக்கு வீடு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இதை வீட்டில் ஓட்டியபோது என் அம்மா வந்து பார்த்தார். திரையில் தெரிந்தது வெறும் எண்கள், இரண்டு வரிசை மூன்றுகள். 'இதுல குழி எங்கடா?' என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் சொங்காக் பலகையையும் புளியங்கொட்டை டப்பாவையும் கொண்டுவந்து, ஓரக் குழிகளை விட்டுவிட்டுப் பக்கத்துக்கு ஆறாக வைத்துக்கொண்டார். கணினி சொன்ன எண்ணைக் கேட்டு அதன் விதையையும் தானே போட்டார், கிம்-1காரர்கள் மரப்பலகை வைத்து ஆடிய அதே முறை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விதையை விரல் நுனியால் குழிக்குள் தள்ளும் சத்தம், ஒவ்வொரு முறையும் உதடு அசைய எண்ணுவது. முதல் ஆட்டத்தில் தோற்றார், அடுத்த மூன்றிலும் ஜெயித்தார். அப்புறம் 'நாலு சேர்ந்தா பசுன்னு எடுக்கணும், இது எடுக்கவே இல்லையே' என்று குறை சொன்னார். உண்மைதான், அந்த விதி பல்லாங்குழிக்கு உரியது, நிரலில் இல்லை.

குழி ஆட்டங்கள் சின்னக் கணினிக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். சதுரங்கத்தில் 35 வழி என்றால் சொங்காக்கில் அதிகபட்சம் ஏழு. ஆறு நகர்த்தல் முன்னால் பார்த்தாலும் 1,17,649தான், வெட்டும் முறையும் சேர்ந்தால் அதில் சிறு பங்கே மிஞ்சும். சொங்காக்கிலும் பல்லாங்குழியிலும் அள்ளி அள்ளிச் சுற்றிப் போகும் ஓட்டத்தை மனதில் எண்ணுவது நமக்குக் கஷ்டம், கணினிக்கோ அது வெறும் கூட்டல்.

தோத்த ஆட்டத்தை ஞாபகம் வச்சுக்குமாமே, அப்ப அது அந்தக் காலத்து ஏஐயா?

அவாரி நிரல் தான் தோற்ற ஆட்டங்களைக் குறித்து வைத்து, அதே வழியில் மறுபடி போகாமல் பார்த்துக்கொள்ளும். இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் அதே புத்தகத்தில் 'ஹெக்ஸாபான்' இருக்கிறது. 3க்கு 3 கட்டம், ஆளுக்கு மூன்று சிப்பாய், அவ்வளவுதான். மார்ட்டின் கார்ட்னர் 1962இல் உருவாக்கிய ஆட்டம், அவர் கணினியே இல்லாமல் 24 தீப்பெட்டியும் நிற மணிகளும் வைத்துக் கற்க வைத்தார். தோல்விக்குக் கொண்டுபோன மணியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவே கற்றல்.

கணினி இரண்டாவதாக ஆடும். தவறே செய்யாவிட்டால் இரண்டாமவர் கட்டாயம் ஜெயிக்கும் ஆட்டம் இது, எனவே போதுமான அளவு தோற்ற பிறகு அதை யாராலும் வெல்ல முடியாது. கழகத்தில் காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் அதைச் சுலபமாக அடித்துக்கொண்டிருப்பார்கள், பத்தரை மணிக்கு ஒருவராலும் முடியாது. கற்றுக்கொடுத்தது நீங்கள்தான் என்று சொன்னால் நம்ப மறுப்பார்கள். கணினியை நிறுத்தினால் எல்லாம் மறந்துபோகும், அதனால் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து.

அட்டாரி செஸ் சாட்ஜிபிடியையே ஜெயிச்சுதுன்னு வாட்சப்ல வந்துச்சு, உண்மையா?

உண்மைதான். 2025 ஜூனில் ஒரு பொறியாளர் அட்டாரி வீடியோ செஸ்ஸை எமுலேட்டரில், அதாவது பழைய இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில், ஓட்டி, சாட்ஜிபிடியோடு தொடக்க நிலையில் ஆட வைத்தார், சாட்ஜிபிடி தோற்றது. ஆனால் இதிலிருந்து அட்டாரி பெரிய அறிவாளி என்று முடிவு கட்டக்கூடாது. அந்த 128 பைட்டுக்குள் பலகை எப்போதும் சரியாக இருக்கிறது, எந்தக் காய் எங்கே என்பதில் அதற்குச் சந்தேகமே வராது, விதிப்படியான நகர்த்தலைத்தான் தேடும். சாட்ஜிபிடியோ சதுரங்கத்தைப் பற்றி நன்றாகப் பேசும், பலகையை மனதில் பிடித்து வைப்பதில் நழுவிவிடும். வேலைக்கென்றே எழுதிய நிரல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கு ஒரு பலம் உண்டு.

நல்லா ஆடிட்டே இருந்துட்டு திடீர்னு ஏன் சிப்பாயைத் தூக்கிக் கொடுக்குது?

நன்றாகக் கவனித்துக் கேட்ட கேள்வி. உங்கள் ராணியோ யானையோ அதன் குதிரையைச் சிக்க வைத்துவிட்டது, இன்னும் நான்கு நகர்த்தலில் குதிரை போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் நான்கு நகர்த்தல் மட்டும் முன்னால் பார்க்கிறது. இடையில் ஒரு சிப்பாயைத் தள்ளி உங்களை வெட்ட வைத்தால் இரண்டு நகர்த்தல் கழிந்துவிடும், குதிரை போகும் அந்தக் காட்சி பார்வைக்கு அப்பால் தள்ளப்படும். குதிரை பிழைத்துவிட்டது என்று நிரல் நினைக்கிறது. பிறகு குதிரையும் போகும், சிப்பாயும் போயாச்சு. கணினிச் சதுரங்க ஆய்வாளர் ஹான்ஸ் பெர்லினர் இதற்கு அடிவான விளைவு என்று பெயர் வைத்தார். அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் கப்பல் இல்லாமல் போய்விடுவதில்லையே.

நல்ல நிரல்கள் இதைப் பாதியாவது சரி செய்தன: வெட்டுக்கு நடுவில் கணக்கு போடாமல், வெட்டிக்கொள்வது அடங்கும்வரை அந்த வழியில் மட்டும் இன்னும் கொஞ்சம் பார்ப்பது. இது இல்லாத நிரலை ஜெயிக்க ஒரு வழி சொல்கிறேன், அவசரப்பட்டு வெட்டாதீர்கள், காயைச் சிக்க வைத்துவிட்டுக் காத்திருங்கள். பதற்றத்தில் அதுவே கொடுத்துக்கொண்டிருக்கும்.

ரிவர்சி எல்லாத்துலயும் இருக்கு, கோ மட்டும் ஏன் அவ்வளவு மட்டமா ஆடுது?

ரிவர்சி எழுதச் சுலபம். மூலைக்கு அதிக மதிப்பெண், மூலைக்குப் பக்கத்துக் கட்டத்துக்குக் கழித்தல், இவ்வளவு இருந்தாலே புதியவரை அடித்துவிடும். 1985இல் வந்த முதல் விண்டோஸிலேயே ரிவர்சி கூட வந்தது.

கோ வேறு உலகம். 19க்கு 19, 361 புள்ளி, ஒரு முறைக்குச் சுமார் 250 வழி. அது பாதிப் பிரச்சினைதான். காய்களுக்கு விலை வைத்துக் கூட்டும் முறை இங்கே உதவாது, எல்லாக் கல்லும் ஒன்றே, எது உயிரோடிருக்கிறது எது செத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும், அதற்கே பெரிய தேடல் வேண்டும். சதுரங்க உலக வெற்றியாளரைக் கணினி 1997இல் வென்றது, கோ ஆட்டத்தில் முன்னணி வீரர் லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற நிரல் வென்றது 2016இல். இடையில் 19 வருடம். பழைய கணினியில் கோ ஆடத்தான் வேண்டுமென்றால் 9க்கு 9 பலகையில் ஆடுங்கள்.

சரி, எனக்கும் ஆசை வந்துடுச்சு. எந்த மெஷின் வாங்கலாம்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். கமடோருக்கு வைஸ், ஸ்பெக்ட்ரமுக்கு ஃப்யூஸ், அட்டாரிக்கு ஸ்டெல்லா, இசட்எக்ஸ்81க்கு எய்ட்டிஒன், எல்லாம் இலவச எமுலேட்டர்கள். வைஸில் வேகத்தை அவிழ்த்துவிடும் வார்ப் வசதி உண்டு, மேலே சொன்ன 36 நிமிடத்தைக் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடலாம். ஒரு மாதம் ஆடிப் பார்த்தும் ஆசை அடங்காவிட்டால் உண்மையான பெட்டியைத் தேடலாம். ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தை, பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தை, இரண்டிலும் பொறுமையாக நடக்க வேண்டும்.

பிரிட்டனிலிருந்து வந்த இயந்திரம் நமக்கு நல்லது, அதே மூன்று முள் பிளக், அதே மின்சாரம், டிவியும் அதே பால் (PAL) வண்ண முறை. அமெரிக்கப் பெட்டி என்றால் 110 வோல்ட் மாற்றி வேண்டும். கமடோர் 64 வாங்கினால் கூட வரும் பழைய மின் அடாப்டரைச் செருகாதீர்கள், தயவுசெய்து. வயதானால் அதன் 5 வோல்ட் ஏறிப்போய் ரேம் சில்லுகளைக் கொன்றுவிடும். என் முதல் கமடோர் அப்படித்தான் போனது, ஒரு நொடி, திரை கறுப்பு, அவ்வளவுதான். புதிதாகச் செய்த அடாப்டர் கிடைக்கிறது, அதற்குச் செலவழியுங்கள்.

அனலாக் ஒளிபரப்பையே நிறுத்திட்டாங்களே, பழைய டிவியில இது எப்படித் தெரியும்?

2019 அக்டோபர் 31ஓடு நின்றது ஒளிபரப்புதான், டிவியின் காது செத்துப்போகவில்லை. இசட்எக்ஸ்81 வயர் வழியாகத் தானே ஒரு சின்ன நிலையம் மாதிரி அனுப்பும், யுஎச்எஃப் 36ஆவது சேனலில் தேடினால் கிடைக்கும்.

கேசட் போட்டா கீ... கீன்னு சத்தம் வருது, ஆனா லோடே ஆக மாட்டேங்குது.

நம் ஊர் ஈரம்தான் முதல் எதிரி. கேசட்டைத் திறந்து நாடாச் சுருளைப் பாருங்கள், விளிம்பில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூசணம், அதைப் பிளேயரில் போட்டால் ஹெட்டிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், இந்த இரண்டும் இல்லாமல் மலேசியாவில் நாடாவைக் காப்பாற்ற முடியாது. ஹெட்டைச் சுத்த ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள்.

சுத்தமாக இருந்தும் ஏறவில்லையென்றால் ஹெட்டின் சாய்வு மாறியிருக்கும். பிளேயர் ஓடும்போதே, ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். மங்கலாக இருந்த சத்தம் ஓர் இடத்தில் சட்டென்று கூர்மையாகும், கண்ணாடியைத் துடைத்த மாதிரி. அங்கே நிறுத்துங்கள்.

இதையெல்லாம் நெட்ல இறக்கிக்கிறது சட்டப்படி சரியா?

பழசாகிவிட்டதால் உரிமை போய்விடாது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்போடு சேர்கிறது, பாதுகாப்பு பொதுவாக ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பிறகு 50 ஆண்டும். டேவிட் ஆல் தன் படைப்புகளை 2022இல் பொதுச் சொத்தாக விட்டுவிட்டார், அதனால் அவாரி, ஹெக்ஸாபான் இரண்டையும் நிம்மதியாக எடுத்து ஆடலாம், மாற்றலாம். கழகத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இவற்றைத்தான்.

ஆடுபுலி ஆட்டத்தை நாங்களே எழுத முடியுமா அண்ணே?

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இருவர் கேட்டு, எழுதியும் விட்டார்கள். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. சதுரப் பலகை இல்லாததால் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு போகிறது என்று ஓர் அட்டவணை வேண்டும், எதைத் தாண்டினால் எங்கே விழலாம் என்று இன்னோர் அட்டவணை. இரண்டையும் பேசிக்கின் டேட்டா வரிகளில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. காகிதத்தில் பலகையை வரைந்து புள்ளிகளுக்கு எண் போட்டு, ஒருவன் வாசிக்க மற்றவன் தட்டினான். தாண்டும் அட்டவணையில் ஒரு எண் தவறி, புலி கோடே இல்லாத இடத்துக்குப் பாய்ந்தது, அதைக் கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது.

முதல் பதிப்பில் புலிக்குத் தெரிந்தது வெட்டிய ஆடுகளின் எண்ணிக்கை மட்டும். ஒருவனுடைய தாத்தா வந்து உட்கார்ந்து, இரண்டு ஆட்டை வேண்டுமென்றே ஓரத்தில் காட்டி, புலிகளை அங்கே இழுத்துப்போய் மூன்றையும் அடைத்துவிட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடிவான விளைவு பற்றிச் சொன்னேனே, அதே நோய்தான், ஆசைக்கு அப்பால் இருப்பது தெரியவில்லை. ஆழமாகத் தேட வைக்க பேசிக்கின் வேகம் போதாது, அதனால் மதிப்பெண் கணக்கை மாற்றச் சொன்னேன்: வெட்டிய ஆட்டுக்கு 10, புலிகள் அடுத்துப் போகக்கூடிய ஒவ்வொரு காலி இடத்துக்கும் 1, அசைய முடியாத புலிக்குக் கழித்தல் 15. ஒரே ஒரு வரி. அடுத்த முறை தாத்தா அதே இரண்டு ஆட்டைக் காட்டினார். புலி ஒன்றைத் தின்றது, இரண்டாவதை விட்டுவிட்டு நடுவுக்குத் திரும்பிவிட்டது. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.